பொன்னுத்தங்கமும் பன்னிரண்டு ஜிபியும்

பொன்னுத்தங்கம் அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய ஒரு மனுஷரைப் பற்றி இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்ய?

சிவகாசியில் சாத்தூர் ரோட்டில் எங்கள் பிரஸ். கீழே அச்சு மிஷின்கள், மாடியில் டிசைன் ரூம். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், டைரி, சீசன் வந்துவிட்டால் ராப்பகலாகக் காலண்டர். டிசைன் ரூமில் ஐந்து சிஸ்டம். நான்கு பேருக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல். ஐந்தாவதாக, கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி ஒன்று உண்டு. அதில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். சிஸ்டம் இன்சார்ஜ். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள், எந்தப் பரீட்சை எழுதி வாங்கினார் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

சொந்த ஊர் ஆலங்குளம். அப்பா சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றியவர். இவர் பதினாலு வயதில் சிவகாசிக்கு வந்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஈய எழுத்துக்குக் காலம் முடிந்ததும் முதலாளி கண்ணுச்சாமி இவரை நெகட்டிவ் ஒட்டும் மேஜைக்கு அனுப்பினார். நெகட்டிவுக்கும் பாதிக்காலம் முடிந்து கம்ப்யூட்டர் வந்ததும் மாடிக்கு அனுப்பினார். வீடு மாறும்போது பழைய பீரோவையும் தூக்கிக்கொண்டு போவதில்லையா, அப்படி. வேலை தெரியும் என்பதால் அல்ல. அண்ணாச்சிக்கு ராசியான கையாம். அவர் தொட்டு ஆரம்பித்த வேலை எதுவும் நின்றதில்லையாம். இதைச் சொன்னவர் முதலாளி.

முதலாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். வருஷாவருஷம் லட்சக்கணக்கில் நாளும் நட்சத்திரமும் அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு, அதில் ஒரு பிரதியைத் தன் ஆபீசில் மாட்டி, வரிக்கு வரி தானே நம்பிய ஆள். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் மானிட்டர்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு விழும். என் திரையின் மூலையில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டுத்தான் நான் சனிக்கிழமை வேலையை ஆரம்பிப்பேன்.

நான் செல்லக்கனி. ஏழாயிரம்பண்ணை. அம்மாவும் அக்காவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டில் காலையில் கம்பெனி வண்டி ஏறாத முதல் ஆள் நான்தான். சாத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போய், இரண்டாயிரத்து நாலில் இந்த பிரஸ்ஸில் சேர்ந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை மறைக்கவில்லை.

அண்ணாச்சியின் முக்கியமான வேலை, ஃபைல்களைக் காப்பி போடுவது. அச்சுக்குப் பிளேட் எடுக்கும் யூனிட் திருத்தங்கல்லில் தனியாக இருந்தது. மாடியில் நாங்கள் செய்த டிசைன்கள் தினமும் அங்கே போக வேண்டும். டெலிபோன் லைனில் அனுப்பினால் அடுத்த தீபாவளிக்குத்தான் போய்ச் சேரும். அதனால் ஒரு சின்னப் பெட்டியில் ஹார்டு டிஸ்க். மாடியில் அதைச் சிஸ்டத்தில் மாட்டி ஃபைல்களை ஏற்றி, மொபெட்டில் கொண்டுபோய் அங்கே இறக்க வேண்டும். ஒரு குரங்குக்குச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் செய்யும்.

அண்ணாச்சி அதை எப்படிச் செய்வார் தெரியுமா? மத்தியானம் மூன்று மணிக்கு டிஸ்கில் இருப்பதை எல்லாம் அழிப்பார். நேற்று ஏற்றியது, முந்தாநாள் ஏற்றியது, போன வருஷத்து லேபிள் எல்லாமே போகும். பிறகு சிஸ்டத்தில் இருக்கும் பன்னிரண்டு ஜிபியையும் முதலிலிருந்து மறுபடி ஏற்றுவார். அன்றைக்குப் புதிதாக மாறியது நான்கு ஃபைலாக இருக்கும். அந்த நான்குக்காக நாலாயிரம் ஃபைலும் தினமும் ஒரு தடவை சாத்தூர் ரோட்டிலிருந்து திருத்தங்கல்லுக்கு ஊர்வலம் போகும். எங்கள் பழைய சிஸ்டத்தில் இதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த மூன்று மணி நேரமும் அந்தச் சிஸ்டத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் காப்பி பயந்துபோய் நின்றுவிடுமாம்.

அந்த மூன்று மணி நேரமும் அவர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பார். ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்குக் காகிதம் பறந்து போவதுபோல் படம் வருமே, அதைக் கண்ணிமைக்காமல் பார்ப்பார். மீதி நேரத்தை வாய்விட்டு எங்களுக்கும் அறிவிப்பார்.

"இன்னும் நாப்பது நிமிசம்."

கொஞ்சம் கழித்து, "ஆத்தீ, ரெண்டு மணி நேரங்குது."

மறுபடி, "பரவால்ல, ஒம்பது நிமிசத்துல முடிஞ்சிரும்."

முடியாது. வேலை முடிந்ததும் டிஸ்கைப் பூத்துண்டில் சுற்றி, தூக்குவாளிப் பைக்குள் வைத்து, பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோவது போல மொபெட்டில் கொண்டுபோவார். திருத்தங்கல்லில் இன்னொரு மூன்று மணி நேரம். இதற்குப் பெயர் வேலை.

அவர் ஃபோல்டருக்கு வைக்கும் பெயர்களைக் கேட்டால் இன்னும் சிரிப்பு வரும். 'மொதலாளி ஓகே'. 'மொதலாளி ஓகே ரெண்டு'. 'மொதலாளி கோவம்'. 'கோவம் தீந்தது'. எதில் கடைசி டிசைன் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முதலாளியின் மனநிலையை வருஷ வாரியாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் பொறுத்தேன். இரண்டாயிரத்து ஆறு ஆவணியில், காலண்டர் சீசன் சூடு பிடித்தபோது, எனக்குப் பொறுமை போய்விட்டது. கிளாஸில் படித்ததைத் தூசி தட்டி, ஒரே ஒரு வரிக் கட்டளை எழுதினேன். இங்கே இருக்கும் ஃபைலையும் டிஸ்கில் இருக்கும் ஃபைலையும் தேதி பார்த்து ஒப்பிடு. இங்கே இருப்பது புதிய தேதி என்றால் காப்பி செய். இல்லையென்றால் தொடாதே. அவ்வளவுதான். ஒரு தட்டு தட்டினால் கறுப்புத் திரை வரும், மாறிய ஃபைல்களின் பெயர் வரிசையாக ஓடும், முடிந்துவிடும். முதல் நாள் பன்னிரண்டு நிமிஷம் ஆனது.

அண்ணாச்சி கறுப்புத் திரையைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். "என்னம்மா, காயிதம் பறக்கலையே. போயிருச்சான்னு எப்படித் தெரியும்?"

"பறக்குறதுக்கு இது என்ன ராக்கெட்டா அண்ணாச்சி?" என்றேன்.

முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் தாடையைத் தடவினார். மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிஷமாகக் குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷப்பட நல்ல நேரம் பார்க்கவில்லையே. "குறுக்கு வழியா இருக்கே" என்றார். கடைசியில், மற்ற நான்கு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார். "சரி, செய்யி. ஆனா இந்த வழியில போயி ஒரே ஒரு தாளு தப்பா அச்சானாலும் நீ அன்னைக்கே வீட்டுக்குப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம் மொதலாளி" என்றேன். எனக்கென்ன பயம்? இந்த ஊரில் ஒரு பிரஸ்ஸிலிருந்து தப்புச் செய்து வெளியே போனால் மறு பிரஸ் கதவு திறக்காது, நேராகக் கம்பெனி வண்டி ஏறி வெடிமருந்து வாசத்துக்குள் போக வேண்டியதுதான் என்று தெரியும். தெரிந்தும் சொன்னேன். என் ஒரு வரியில் அவ்வளவு நம்பிக்கை. கைப்பிடி நாற்காலி மீது ஒரு கண்ணும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அண்ணாச்சிக்கு மாடியில் வேலை இல்லை. டிஸ்கைக் கொண்டுபோகும் மொபெட் வேலை மட்டும்தான். மூன்று மணிக்கு வழக்கம்போல எழுந்து வருவார், நான் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்து டிஸ்கைக் கையில் கொடுப்பேன். அதைத் துண்டில் சுற்றுவதற்கு மட்டும் இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார். "அண்ணாச்சி, துண்டு சுத்துறதுக்கும் ஒரு கட்டளை எழுதிரவா?" என்பேன். மற்ற மூன்று பேரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஒருவன் தன்னைக் கேலி செய்யும்போது கூடச் சேர்ந்து சிரிக்கிறவனை என்னவென்று மதிப்பது?

மதுரை ஜவுளிக்கடை ஒன்றின் ஆர்டர் வந்தது. தினசரி காலண்டர், ஒரு லட்சம். அந்த சீசனிலேயே பெரிய ஆர்டர். தாள்களை எல்லாம் ஆவணிக் கடைசிக்குள் முடித்துத் திருத்தங்கல்லுக்கு அனுப்பியும் ஆகிவிட்டது. பிளேட் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. புரட்டாசி இரண்டாம் தேதி, எங்களுக்குப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுக்கும் ஜோசியர் ஆள் அனுப்பினார். அவர் கொடுத்த பட்டியலில் நான்கு மாதத்து அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்துவிட்டதாம். ஆடி அமாவாசையும் அதில் ஒன்று. அதைத் தப்பாகப் போட்டு விற்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செத்துப்போன அப்பனுக்குத் தண்ணீர் விடும் நாளை மாற்றிச் சொன்ன கடையில் அடுத்த வருஷம் யார் சேலை எடுப்பார்கள்?

அந்த நேரம் நான் கீழே மிஷினில் ஒரு லேபிளின் கலர் பார்க்கப் போயிருந்தேன். மாடியில் நடந்தது பிறகுதான் முழுசாகத் தெரியும். முதலாளி ஓடி வந்திருக்கிறார். திருத்த வேண்டியது நான்கே நான்கு தாள். ஆனால் அவருக்கு வேறொரு கவலை. தேய்பிறை, மகாளய அமாவாசைக்கு இன்னும் நான்கே நாள்.

"இப்பப் போயி அமாவாசையில கை வைக்கிறதா? ஏலே பொன்னு, இந்தச் சிஸ்டத்துல தேதிய ஆடிப் பதினெட்டுக்குத் தள்ளி வையி. காலைல பத்தரை. நம்ம காலண்டர் சாம்பிள் ஆல்பம் போட்ட நேரம். அதுல நீயே ஒன் கையால திருத்து. முடிச்சதும் பளையபடி வச்சிரு."

கடவுளை ஏமாற்றக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் போதும் என்று நினைத்த மனுஷனை என்ன சொல்வது! அதைவிட, சரிங்க மொதலாளி என்று திருப்பி வைத்த மனுஷனை என்ன சொல்வது! அண்ணாச்சி தேதியை ஆகஸ்டு மூன்றுக்குத் தள்ளினார். ராசியான கையால் நான்கு தாளையும் ஒரு மணி நேரமாகத் திருத்தினார். சேமித்தார். தேதியைப் பழையபடி வைத்தார்.

நான் மேலே வந்தபோது மூன்று மணி. அண்ணாச்சி என் ஸ்டூல் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா செல்லக்கனி, அந்த ரெண்டாம் நம்பர் சிஸ்டத்துல தேதிய வந்து..."

"தேதி பாக்குறதெல்லாம் காலண்டர் கிழிக்கிறவுகளுக்கு அண்ணாச்சி. என்னைய வேலை பாக்க விடுங்க."

"அதில்லம்மா. மொதலாளி தேதியத் தள்ளி..."

"மொதலாளி தேதியத் தள்ளுனா மொதலாளிகிட்டப் பேசிக்கிடுங்க. இங்கன நின்னு உசுர வாங்காதீக."

அவர் போகவில்லை. கழுத்தைச் சொறிந்தார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பளையபடி அம்புட்டையும் போட்டுருவமா? மூணு மணி நேரந்தான. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"மனசுக்கு ஒரு மாதிரியா இருந்தா இருக்கன்குடிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வாங்க."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். நான் தட்டினேன். கறுப்புத் திரை வந்தது, பெயர்கள் ஓடின. அந்தப் பெயர்களில் காலண்டர் இல்லை. நான் பெயர்களைப் படிக்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பதினோரு நிமிஷம். ஒரு நிமிஷம் குறைந்திருக்கிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை.

ஐப்பசியில் மதுரையிலிருந்து வேன் திரும்பி வந்தது. அனுப்பியிருந்த முதல் லோடு நாற்பதாயிரமும் அதில் இருந்தது. ஜவுளிக்கடைக்காரரின் ஆள் ஒரு காலண்டரை ஆடி மாதத்தில் விரித்து முதலாளியின் மேஜையில் போட்டார். நான்கு அமாவாசையும் ஒரு நாள் தள்ளியே இருந்தன. மீதி அறுபதாயிரமும் கீழே கட்டுக் கட்டாக அடுக்கி இருந்தது.

என்னைத் திருத்தங்கல்லுக்கு ஓடச் சொன்னார்கள். ஓடினேன். அங்கே இருந்த சிஸ்டத்தில் அந்த ஃபைல்களைத் திறக்கவே இல்லை, தேதியை மட்டும்தான் பார்த்தேன். செப்டம்பர் ஐந்து. திரும்பி வந்து மாடியில் திருத்திய ஃபைலின் தேதியைப் பார்த்தேன். ஆகஸ்டு மூன்று, காலை பத்து நாற்பத்தைந்து.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் ஒரு வரி சொன்னதைச் செய்திருக்கிறது. இரண்டு தேதியையும் பார்த்திருக்கிறது, திருத்தியதைப் பழையது என்று நினைத்திருக்கிறது, தொடாமல் விட்டிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றும் அண்ணாச்சியின் கழுதை வழியில் போயிருந்தால் இது நடந்திருக்காது. தேதியை அவர் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் சேர்ந்திருக்கும்.

முதலாளி எங்கள் எல்லோரையும் ஆபீசில் நிறுத்தினார். கையில் அந்தக் காலண்டர். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு என்ன சொன்ன? சம்மதம்னு சொன்னயா இல்லயா?"

"சொன்னேன் மொதலாளி."

"காப்பி போட்டது யாரு?"

தேதியை மாற்றச் சொன்னது அவர் வாய். அந்த அறையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதை முழுங்கிவிட்டு நின்றார். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். என்னோடு சேர்ந்து அவ்வளவு சிரித்தவர்கள். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. எனக்கும் திறக்கவில்லை என்பதுதான் அதிசயம். தேதி மாறியதால்தான் என்று சொல்லலாம். சொன்னால், ஏன் உன்னிடம் யாரும் சொல்லவில்லையா என்று கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் நான் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும்.

"நாந்தான் மொதலாளி" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் திரும்பினோம்.

"சிஸ்டத்துல தேதிய மாத்துனது நாந்தான். மாத்துனத அந்தப் புள்ளைகிட்டச் சொல்லாம விட்டுட்டேன். சொல்லியிருந்தா அது சரியாப் போட்டுருக்கும். அது மேல தப்பு இல்ல."

முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். என்ன நிம்மதி! தன் நல்ல நேரத்தின் மேல் பழி விழாமல் ஒரு ஆள் கிடைத்துவிட்டான் அல்லவா. முப்பத்திரண்டு வருஷமாகத் தன்னிடம் இருந்த ஆளை, ராசியான கை என்று தானே ஊரெல்லாம் சொன்ன ஆளை, அவர் ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பும்போது சுவர்க் காலண்டரை ஒரு தடவை பார்த்தார். ராகு காலமா என்று பார்த்திருப்பார்.

நான் மாடிப்படியில் அண்ணாச்சியைப் பிடித்தேன். பூத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குவாளிப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீக? நீங்க எங்கிட்டச் சொன்னீகள்ல. மூணு தடவை சொன்னீக. நாந்தான கேக்கல."

அவர் நின்றார். என்னைக் காப்பாற்றிய பெருமை அந்த முகத்தில் கொஞ்சமாவது இருக்கும் என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். உண்மையாகவே யோசித்துக்கொண்டுதான் நின்றார், கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளை மாதிரி.

"சொன்னேந்தாம்மா. ஆனா ஒனக்கு வெளங்குற மாதிரி சொல்ல எனக்குத் தெரியலையே. அது சொன்னதுல சேத்தியா?"

சேர்த்திதான் என்று சொல்லியிருக்க வேண்டும். மேலே போய் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நீளமான வாய் என்று ஊருக்கே தெரியும். நான் படியில் ஒதுங்கி நின்று அவருக்கு வழி விட்டேன்.

மறுநாள் காலை, ஒன்பதேகாலுக்குமேல் நல்ல நேரம் என்று பார்த்து, முதலாளி என்னைச் சிஸ்டம் இன்சார்ஜ் ஆக்கினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.